ஆர்க்கிடெக்சர்: நான்கு வருடப் பட்டமா, ஐந்து வருட பி.ஆர்க்கா? மகளுக்காகக் கேட்கிறேன்

நேப்பர்வில்_சுந்தரி

எல்லோருக்கும் வணக்கம். பதினாறு வருடமாக சிகாகோ பக்கம் இருக்கிறோம். மகள் இந்த மே மாதம் பள்ளி முடிக்கிறாள். ஆர்க்கிடெக்சர்தான் படிப்பேன் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஒரே பிடியாக இருக்கிறாள். நானும் அவரும் ஐ.டி.யில் இருக்கிறோம். எங்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் இந்தப் படிப்புப் பக்கம் போனவர் ஒருவர்கூட இல்லை. யாரைக் கேட்பது என்று தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டு இடத்தில் கிடைத்திருக்கிறது. ஒன்று அர்பானா-ஷாம்பெய்னில் இருக்கும் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம், ஆர்க்கிடெக்சுரல் ஸ்டடீஸில் நான்கு வருட பி.எஸ். இன்னொன்று சிகாகோவிலேயே இருக்கும் இல்லினாய்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி, ஐந்து வருட பி.ஆர்க் (பேச்சிலர் ஆஃப் ஆர்க்கிடெக்சர்). முதலாவது மாநிலப் பல்கலைக்கழகம், எங்களுக்குக் கட்டணம் குறைவு. இரண்டாவது தனியார், உதவித்தொகை போகவும் கையைக் கடிக்கிறது.

அர்பானா படிப்பைப் பற்றித் தேடினால் 'ப்ரீ-புரொஃபஷனல்' (தொழில் பட்டத்துக்கு முந்தையது) என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு நிம்மதி இல்லை. "நாலு வருஷம் பணம் கட்டிப் படிச்சுட்டு, அப்புறமும் ஆர்க்கிடெக்ட் இல்லைன்னா எதுக்கு?" என்கிறார்.

மகளைப் பற்றி ஒன்று சொன்னால் உங்களுக்குப் பதில் சொல்ல உதவும். போன கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தோம். கும்பகோணம் பக்கத்தில் என் அம்மா வீடு. பழைய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பத்து நாளும் டேப்பும் கையுமாக அந்த வீட்டை அளந்தாள். அம்மாதான் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முற்றத்துத் தூணின் சுற்றளவை எப்படி எடுப்பது என்று முழித்தபோது, அம்மா பூக்கட்டும் நூலைக் கொண்டுவந்து சுற்றி, அதை நீட்டி டேப்பில் வைத்துக் காட்டினார். அந்த வரைபடம் இப்போது அவள் அறைச் சுவரில் இருக்கிறது. எழுபத்து மூன்று வருடம் குடியிருந்த வீட்டை அம்மா முதல் தடவையாகக் காகிதத்தில் பார்த்து, "நம்ம கூடம் இவ்வளவு கோணலா?" என்று கேட்டார்.

நல்ல வழியாகச் சொல்லுங்கள்.

குறுக்குவெட்டு

சுந்தரி அக்கா, நான் நான்கு வருடப் பட்டம், அப்புறம் இரண்டு வருட எம்.ஆர்க் (ஆர்க்கிடெக்சரில் முதுநிலை) என்ற வழியில் வந்து லைசென்ஸ் எடுத்தவன். இப்போது ஓஹையோவில் வேலை. உங்கள் வீட்டுக்காரர் கேட்பது நியாயமான கேள்வி.

ஆமாம், அந்த நான்கு வருடப் பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பெரும்பாலான மாநிலங்களில் ஆர்க்கிடெக்ட் ஆக முடியாது. அமெரிக்காவில் இந்தப் படிப்புக்கு அங்கீகாரம் தரும் வாரியத்தை எல்லோரும் 'நாப்' என்போம். நாப் மூன்று பட்டங்களுக்குத்தான் அங்கீகாரம் தரும்: பி.ஆர்க், எம்.ஆர்க், டி.ஆர்க் (முனைவர் நிலை). நான்கு வருட பி.எஸ்., பி.ஏ. எவ்வளவு பேர்பெற்ற இடத்தில் வாங்கினாலும் அந்தப் பட்டியலில் வராது. அங்கீகாரம் பட்டத்துக்கு, கல்லூரிக்கு அல்ல. "எங்களுக்கு நாப் அங்கீகாரம் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், எந்தப் பட்டத்துக்கு என்று உடனே கேளுங்கள். நிறையப் பேர் தடுமாறுவது இந்த ஒரு இடத்தில்தான்.

ஆனால் 'ப்ரீ' என்பதற்குத் தரம் குறைந்தது என்று பொருள் இல்லை. தொழில் படிப்பை இரண்டாகப் பிரித்து, முதல் பகுதியை இளநிலையில் வைத்திருக்கிறார்கள். ஸ்டூடியோ (கட்டடம் வடிவமைத்துப் பழகும் வகுப்பு), வரைதல், கட்டடக்கலை வரலாறு, ஸ்ட்ரக்சர், கட்டுமானப் பொருட்கள் எல்லாம் நான்கு வருடத்தில் வந்துவிடும். இரண்டாவது பகுதி எம்.ஆர்க்கில். பி.ஆர்க்குக்குக் குறைந்தது 150 கிரெடிட், எம்.ஆர்க் வழியில் இளநிலையும் முதுநிலையும் சேர்த்துக் குறைந்தது 168. அதாவது ஒரு வருடம் கூடுதல், கையில் ஒரு முதுநிலைப் பட்டம். வேறு ஏதாவது பாடத்தில் இளநிலை முடித்துவிட்டு எம்.ஆர்க்குக்கு வருபவர்களுக்கு மூன்று, மூன்றரை வருடம் ஆகும். உங்கள் மகள் அர்பானாவில் படிக்கும் நான்கு வருடம், அந்த மூன்றை இரண்டாகக் குறைத்துக் கொடுக்கிறது.

பட்டத்தோடும் முடிவதில்லை. லைசென்ஸுக்கு வேலை அனுபவமும் வேண்டும்: ஏ.எக்ஸ்.பி. என்பார்கள், ஆறு பிரிவில் 3,740 மணி நேரம். அதில் 1,520 மணி நேரம் ஒரே பிரிவுக்கு, கட்டுவதற்கான விவர வரைபடங்களும் ஆவணங்களும் தயாரிக்கும் வேலைக்கு. வெளியில் இருப்பவர்கள் இந்தத் தொழிலை அழகான படம் வரைவதாக நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு ஜன்னலின் மேல்பக்கம் மழைத் தண்ணீர் உள்ளே வராமல் எப்படி மடிப்பது என்று நாள் முழுக்க உட்கார்ந்து வரைவதுதான் உண்மையான வேலை. அப்புறம் ஏ.ஆர்.இ. என்ற லைசென்ஸ் தேர்வு, அதிலும் ஆறு பகுதி. எல்லாம் முடிந்தால்தான் 'ஆர்க்கிடெக்ட்' என்ற சொல்லையே பெயருக்குப் பக்கத்தில் போடச் சட்டம் விடும். அதுவரை டிசைனர்.

இதில் உங்கள் மாநிலத்துக்கு ஒரு பெருமை உண்டு. ஆர்க்கிடெக்ட்டுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று இந்த நாட்டில் முதலில் சட்டம் போட்டது இல்லினாய்ஸ், 1897-இல். அமெரிக்காவில் ஆர்க்கிடெக்சர் படித்துப் பட்டம் பெற்ற முதல் ஆளும் அர்பானாக்காரர்தான்: நேதன் ரிக்கர், 1873. அங்கே ஆர்க்கிடெக்சர் நூலகம் அவர் பெயரில் இருக்கிறது. கல்லூரி பார்க்கப் போகும்போது மகளை ஒரு மணி நேரம் அதற்குள் விட்டுவிடுங்கள்.

ஆஸ்டின்_கதிர்

குறுக்குவெட்டு சொன்ன தகவல் எல்லாம் சரி. முடிவில் நான் வேறு பக்கம்.

அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்பிலிருந்து சொல்கிறாள். பாட்டி வீட்டைத் தூண் சுற்றளவு வரைக்கும் அளந்திருக்கிறாள். அவள் இன்னும் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? நான் ஐந்து வருட பி.ஆர்க் படித்தவன். 23 வயதில் படிப்பு முடிந்தது, வேலைக்குப் போனேன், மணி நேரக் கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. என்னோடு பள்ளி முடித்து நான்கு வருட வழியில் போன நண்பன், கடைசி வருடத்தில் ஸ்டூடியோ வேலையும் செய்துகொண்டு, போர்ட்ஃபோலியோவும் (செய்த வேலைகளின் தொகுப்பு) தயாரித்துக்கொண்டு, எம்.ஆர்க்குக்கு ஏழு இடத்தில் விண்ணப்பமும் போட்டான். அந்தக் குளிர்காலத்தில் அவன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

இன்னொன்று. 'இரண்டு வருடம்' என்பது எழுதி வைத்த உறுதி இல்லை. வேறு கல்லூரிக்கு எம்.ஆர்க் போனால், நீங்கள் முடித்த பாடங்களையும் போர்ட்ஃபோலியோவையும் பார்த்து இரண்டரை என்றோ மூன்று என்றோ சொல்லிவிடலாம். நான்கும் இரண்டும் ஆறு என்று கணக்குப் போட்டவர் ஏழில் போய் நிற்பார்.

சிகாகோ கல்லூரியின் கிரவுன் ஹாலை நேரில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மீஸ் வான் டெர் ரோ என்ற ஆர்க்கிடெக்ட் கட்டியது, 1956. 120 அடிக்கு 220 அடி, உள்ளே ஒரு தூண் கிடையாது. கூரையை மேலே நான்கு பெரிய இரும்புச் சட்டங்களில் தொங்கவிட்டிருக்கிறார். நம் ஊர் ஆயிரங்கால் மண்டபம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த வெறும் வெளி ஒரு அதிர்ச்சி. மாணவர்கள் அதற்குள்தான் உட்கார்ந்து வரைகிறார்கள். எங்கே உட்கார்ந்து படிக்கிறோம் என்பதும் இந்தப் படிப்பில் ஒரு பாடம்.

குறுக்குவெட்டு

கதிர், இரண்டு வருடம் உறுதி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் எழுதியிருக்க வேண்டும். அதே பல்கலைக்கழகத்தில் தொடர்ந்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. வெளியே போனால் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும்.

ஆனால் பதினேழு வயதில் 'எனக்கு உறுதி' என்று சொன்ன எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன்! என் வகுப்பில் தொடங்கியவர்களில் பாதிக்கு மேல் இன்று ஆர்க்கிடெக்ட் இல்லை. ஒருத்தி லேண்ட்ஸ்கேப் போனாள், ஒருவன் நகரத் திட்டமிடல், இரண்டு பேர் கட்டுமான நிர்வாகம், ஒருவன் நாடக மேடை அமைப்பு. யாரும் தோற்றுப்போய்ப் போகவில்லை. நான்கு வருடம் படித்ததால்தான் தங்களுக்கு எது பிடிக்கும் என்று தெரிந்துகொண்டார்கள், பட்டமும் கையில் இருந்தது. பி.ஆர்க்கில் மூன்றாம் வருடம் மனம் மாறினால் என்ன ஆகும்? அத்தனை ஸ்டூடியோ கிரெடிட்டையும் வேறு துறை எடுத்துக்கொள்வது கஷ்டம்.

தச்சன்மகன்

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அப்பா நாகர்கோவில் பக்கம் தச்சு வேலை பார்த்தவர். நிலை, கதவு, உத்தரம், கைமரம் என்று வீட்டில் பேச்சே அதுதான். சின்ன வயதில் தூக்குக்குண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. குண்டு ஆடி நிற்கும் வரைக்கும் மூச்சுவிடாமல் நிற்க வேண்டும். அசைந்தால் அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார், மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். மாமா வீட்டில் தங்கிப் படிக்க இந்த ஊருக்கு வந்தேன். ஆர்க்கிடெக்சர் நான்கு வருடப் படிப்பு ஒன்றில் சேர்ந்தேன். கல்லூரி பெயர் வேண்டாம்.

சேரும்போது ஆலோசகரிடம், "இதை முடித்தால் ஆர்க்கிடெக்ட் ஆகலாமா?" என்று கேட்டேன். "நிச்சயமாக, இது முழுமையான பட்டம்" என்றார். பொய் சொன்னார் என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. பட்டம் முழுமையானதுதான், லைசென்ஸுக்குத்தான் போதாது. நான் கேட்டது வேறு, அவர் பதில் சொன்னது வேறு. அது எனக்குப் புரிந்தது நான்காம் வருடத்தில், நண்பர்கள் எல்லோரும் எம்.ஆர்க்குக்கு விண்ணப்பம் போட்டபோது. அந்த வருடம்தான் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. பணம் அனுப்ப வேண்டியிருந்தது. வேலைக்குப் போய்விட்டேன்.

இப்போது கலிபோர்னியாவில் பதினோரு வருடமாக டிசைனர். கலிபோர்னியா, நியூயார்க், வாஷிங்டன் போன்ற சில மாநிலங்கள் நாப் பட்டம் இல்லாதவர்களுக்கும் கூடுதல் அனுபவத்தின் பேரில் வழி வைத்திருக்கின்றன. நான் அந்த வழியில்தான் போகிறேன். ஏ.ஆர்.இ.யில் நான்கு பகுதி தேறிவிட்டேன், இரண்டு பாக்கி. அது முடிந்தால் இந்த மாநிலத்துக்கென்று தனியாக இன்னொரு தேர்வு இருக்கிறது. இப்படி வாங்கும் லைசென்ஸை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோவது எளிதில்லை என்பதும் தெரிந்தேதான் எழுதுகிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த நான்கு வருடத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது அக்கா. அப்பா கையில் இருந்த அறிவுக்குக் காரணம் என்ன என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த வகுப்புகள்தான். உத்தரத்தின் அகலப் பக்கத்தை ஏன் படுக்கையாக வைக்காமல் நெட்டுக்குத்தாக வைக்கிறார்கள் என்று ஸ்ட்ரக்சர் வகுப்பில் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று, அப்பாவுக்குப் போன் போட்டேன். ஆழம் இரட்டிப்பானால் வளையாமல் நிற்கும் திறன் எட்டு மடங்கு கூடும் என்றேன். "எட்டா? நாங்க சும்மா 'நிறுத்தி வை, தாங்கும்'னு சொல்வோம்" என்றார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

உங்கள் மகளை அர்பானாவுக்கு அனுப்புங்கள், சிகாகோவுக்கு அனுப்புங்கள். எந்த இடமானாலும் கடைசிப் படி எது என்று தெரிந்து அனுப்புங்கள். எனக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

நேப்பர்வில்_சுந்தரி

தச்சன்மகன் தம்பி, உங்கள் பதிவை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தத் தம்பி மீதி இரண்டையும் பாஸ் பண்ணிடுவார்" என்றார். மனமார வாழ்த்துகிறோம்.

இங்கே இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ராத்திரி தூங்கவே மாட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

அட்டைமனிதன்

நான் மூன்றாம் வருடம் ஆன்ட்டி, நான்கு வருடப் படிப்பில். தமிழில் எழுதிப் பழக்கம் குறைவு, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூக்கம்: ரிவ்யூ வாரத்தில், அதாவது வேலையைச் சுவரில் ஒட்டி மற்றவர்களுக்குக் காட்டும் வாரத்தில், குறையும். மற்ற வாரங்களில் அது நம் கையில்தான் இருக்கிறது. திங்கள், புதன், வெள்ளி மதியம் 1 மணியிலிருந்து 5 மணி வரை ஸ்டூடியோ. ஆசிரியர் ஒவ்வொரு மேசையாக வந்து உட்கார்ந்து நம் வேலையைப் பார்ப்பார். அதற்கு டெஸ்க் கிரிட் என்று பெயர். அவர் வந்து போனதும் உடனே வேலை செய்பவர்கள் ஓரளவு தூங்குகிறார்கள். "சாப்பிட்டுவிட்டு ராத்திரி பார்க்கலாம்" என்பவர்கள் விடியும்வரை இருக்கிறார்கள். முதல் வருடம் நான் இரண்டாவது வகை. பிளேடால் விரலை வெட்டிக்கொண்டதெல்லாம் விடிகாலை மூன்று மணிக்கு மேல்தான்.

என்ன கற்றுக்கொள்கிறோம் என்று கேட்டால் ஒரு நாளைச் சொல்கிறேன். இரண்டாம் வருடம், சரிவான இடத்தில் ஒரு சின்ன நூலகம் எனக்கு வந்த பிராஜெக்ட். பத்து வாரம் வேலை செய்து சுவரில் ஒட்டியிருந்தேன், பக்கத்தில் மாடல். கால் அங்குலம் ஓர் அடி என்ற அளவில் செய்தது. பார்க்க வந்தவர்களில் ஒரு வயதான ஆர்க்கிடெக்ட் என் வரைபடத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. மாடலில் நான் நிறுத்தியிருந்த அட்டை மனிதனை எடுத்தார். ஒன்றரை அங்குல உயரம், அதாவது ஆறடி ஆள். படிக்கட்டின் அடியில் வைத்து ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டே போனார். ஏழாவது படியில் அவன் தலை மேல்தளத்தில் முட்டி நின்றது. "இவர் புத்தகம் எடுக்க எப்படி மேலே போவார்?" என்று மட்டும் கேட்டார். கோபமே இல்லை.

மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு வளாகத்தில் கண்ணில் பட்ட படிக்கட்டையெல்லாம் அளந்தேன். ஏற்றம் 7 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, மிதி 11 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, தலைக்கு மேல் 80 அங்குலம் வேண்டும். விதிப் புத்தகத்தில் முன்பே படித்திருந்தேன். படித்தது வேறு, அந்த அட்டை ஆள் முட்டி நின்றதைப் பார்த்தது வேறு. இப்போதும் எந்தப் படியில் ஏறினாலும் கால் தானாக எண்ணுகிறது.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டணத்தில் வராத செலவு நிறைய: அட்டை, பாஸ்வுட் மரத்துண்டு, பசை, பிளேடு, பெரிய தாளில் பிரிண்ட். மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும். லேப்டாப் விண்டோஸாக வாங்குங்கள். ரெவிட் என்ற கட்டட வரைபட மென்பொருள் மேக்கில் நேரடியாக ஓடாது. முதல் வருடமே விலை உயர்ந்ததாக வாங்க வேண்டாம். எங்களுக்கு முதல் செமஸ்டர் முழுக்கப் பென்சில்தான்.

ஸ்கார்பரோ_வதனி

சுந்தரி, நாங்கள் இருப்பது கனடா, எங்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. இங்கே லைசென்ஸுக்கு ஏற்றுக்கொள்ளும் பல்கலைக்கழகப் பட்டம் எம்.ஆர்க் மட்டும்தான். அதனால் எல்லாப் பிள்ளைகளும் முதலில் ப்ரீ-புரொஃபஷனல் பட்டம் படித்துவிட்டுத்தான் போகிறார்கள். ஒருவரும் அதைக் குறைவாக நினைப்பதில்லை.

மகன் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். ஆர்க்கிடெக்சர் பள்ளி மட்டும் பிரதான வளாகத்தில் இல்லை, இங்குள்ள கேம்பிரிட்ஜ் நகரில் ஆற்றங்கரையில் பழைய பட்டு ஆலைக் கட்டடத்தில் இருக்கிறது. கோ-ஆப் முறை, நாலு மாதம் படிப்பு, நாலு மாதம் சம்பளத்துக்கு வேலை என்று மாறி மாறி வரும். முதல் வேலை முடித்து வந்த அன்று இரவு என்னிடம் நெடுநேரம் கதைத்தார். "அம்மா, நான் கீறின கோட்டை ஒருத்தர் வெட்டிப் பொருத்தோணும். அது எனக்கு இவ்வளவு நாளும் விளங்கேல்லை" என்றார். நான்காம் வருடத்தில் ஒரு தவணை ரோமில். அதற்கு இப்போதிருந்தே சீட்டுப் போட்டு வைக்கிறேன்.

என் கருத்து இதுதான்: நாலா, ஐந்தா என்பதைவிட, படிக்கும் காலத்திலேயே வேலைத்தலத்துக்குப் பிள்ளை போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவிலும் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் நான்கு வருடப் பட்டத்தோடு கோ-ஆப் உண்டு. அந்த முறையே 1906-இல் அங்கேதான் தொடங்கியது.

கிண்டி_மீனா

நான் கிண்டியில் பி.ஆர்க் முடித்தவள். இந்தியாவிலிருந்து வருபவர்கள் இந்த இழையைப் படித்தால் உதவட்டும் என்று என் கதையைச் சொல்கிறேன்.

ஊரில் ஐந்து வருடம் முடித்தால் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம், 1972-இன்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்துகொள்ளலாம். அந்த நினைப்பிலேயே இங்கே ஒன்றரை வருட முதுநிலைப் படிப்புக்கு வந்தேன். அது போஸ்ட்-புரொஃபஷனல் படிப்பு. ஏற்கெனவே தொழில் பட்டம் இருப்பவர்களுக்கானது. நாப் அங்கீகாரம் கிடையாது. எனக்கு அது தெரியாது. பட்டத்தின் பெயரில் 'மாஸ்டர்' இருக்கிறது, பேர்பெற்ற இடம், வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். லைசென்ஸுக்குப் போனபோதுதான், என் இந்திய பி.ஆர்க்கை ஈசா என்ற மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிந்தது. ஒவ்வொரு பாடத்தின் திட்டத்தையும் கல்லூரியிலிருந்து வாங்கி அனுப்பினேன். எந்தெந்தப் பகுதி குறைகிறது என்று பட்டியல் வந்தது, அதைத் தனியாகப் படித்து முடித்தேன். கிட்டத்தட்ட இரண்டு வருடம் போனது.

அதனால் ப்ரீ, போஸ்ட் இரண்டிலும் கவனம் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் புரொஃபஷனல் பட்டம்தான் லைசென்ஸுக்குச் சாவி.

பொள்ளாச்சி_ரவி

மீனா மேடம், மகன் பிளஸ் டூ. நாட்டா (ஆர்க்கிடெக்சர் நுழைவுத் தேர்வு) எழுதியிருக்கிறான். அமெரிக்காவில் நான்கு வருடப் பட்டத்துக்கு அனுப்பலாமா? லோன் போட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

கிண்டி_மீனா

ரவி சார், மகன் ஊரில் தொழில் செய்ய நினைத்தால் அங்கேயே ஐந்து வருடம் படிக்கட்டும். செலவும் குறைவு, வெயிலும் மழையும் மண்ணும் நம்முடையது. கொத்தனாரிடம் நம் மொழியில் பேசிக் கற்றுக்கொள்வதற்கு ஈடாக வெளிநாட்டில் எதுவும் கிடைக்காது. முதுநிலைக்கு வெளிநாடு வருவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அனுப்புவது என்றே முடிவெடுத்தால், லோனை ஆறு வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள், நான்குக்கு வேண்டாம். மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் படிப்புக்கு ஒரு எண் இருக்கும், அதையும் பாருங்கள். 04.0201 என்றால் வெறும் ஆர்க்கிடெக்சர், படித்து முடித்த பிறகு ஒரு வருடம்தான் வேலை அனுமதி. 04.0902 என்றால் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் வரும், இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். ஒரே மாதிரிப் படிப்புக்கு ஒரு கல்லூரி ஒரு எண்ணும் இன்னொரு கல்லூரி இன்னொரு எண்ணும் வைத்திருக்கும். விண்ணப்பம் போடும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சம்பளத்தையும் மறைக்க விரும்பவில்லை. தொடக்கத்தில் மென்பொருள் வேலை சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதைத் தெரிந்து, ஏற்றுக்கொண்டு வந்தால் சந்தோஷமாக இருக்கலாம். நான் இருக்கிறேன்.

பொள்ளாச்சி_ரவி

நன்றி மேடம். இந்த எண் விஷயத்தை இதுவரை யாரும் சொல்லவில்லை.

ஆஸ்டின்_கதிர்

இத்தனை பேர் எழுதியதைப் படித்த பிறகு என் கருத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். பி.ஆர்க் நல்ல வழி என்பதில் மாற்றமில்லை. ஆனால் அதற்காகப் பெரிய கடன் வாங்க வேண்டியிருந்தால் வேண்டாம் அக்கா. இந்தத் தொழிலில் முதல் பத்து வருடம் பிடித்த அலுவலகத்தில் குறைந்த சம்பளத்துக்கும் வேலை பார்க்கும் சுதந்திரம் வேண்டும். கடன் இருந்தால் அது போய்விடும். என்னோடு படித்தவர்களில் மிக நன்றாக வரைந்தவள் கடனுக்காகவே வேறு வேலைக்குப் போனாள். அவள் கைவேலையை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

நேப்பர்வில்_சுந்தரி

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். இரண்டு இடத்துக்கும் போய்வந்தோம்.

கிரவுன் ஹாலுக்குள் நுழைந்ததும் மகள் பேசுவதை நிறுத்திவிட்டாள். கதிர் தம்பி சொன்ன மாதிரி அப்படியொரு வெளி. என் வீட்டுக்காரர் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அர்பானாவில் ரிக்கர் நூலகத்தில் ஒரு மணி நேரம் விட்டோம், இரண்டு மணி நேரம் ஆனது, நாங்கள்தான் கூப்பிட்டு வெளியே கொண்டுவந்தோம். அங்கே இருந்த மாணவர்களிடம் மகளே பேசினாள். எம்.ஆர்க்குக்கு எங்கே போகிறார்கள், எத்தனை வருடம் ஆகிறது, உதவியாளர் வேலை கிடைத்தால் கட்டணம் எவ்வளவு குறையும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

அவர் வீட்டுக்கு வந்து எக்செல்லில் ஆறு வருடத்தை ஒரு பக்கமும் ஐந்து வருடத்தை இன்னொரு பக்கமும் போட்டார். ஏழாவது வருடம் என்றும் ஒரு வரி சேர்த்துக்கொண்டார், கதிருக்கு நன்றி. கடன் இல்லாமல் முடிவது அர்பானாதான். மகளும் அதையே சொன்னாள், ஆனால் காரணம் வேறு. "பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கிறதைப் பத்தியும் படிக்கணும். அது ஆர்க்கிடெக்சரா வேற ஏதாவதான்னு எனக்கு இன்னும் தெரியல, எனக்கு அந்த நாலு வருஷம் வேணும்மா" என்றாள். பாட்டி வீட்டுக் கூடத்தின் கோணல் அவள் மனதில் அப்படியே இருக்கிறது. ஒரு பக்கச் சுவர் இறங்கியிருக்கிறது என்று போனில் மாமாவிடம் சொல்லி, விரிசல்களின் போட்டோவெல்லாம் வாங்கி வைத்திருக்கிறாள்.

இன்னும் ஒரு கேள்வி. இவருடைய நண்பரின் அக்கா ஓக் பார்க்கில் சின்ன ஆர்க்கிடெக்ட் அலுவலகம் நடத்துகிறார், மொத்தமே மூன்று பேர். ஜூன், ஜூலை வந்து வேலை பார் என்று மகளைக் கூப்பிட்டிருக்கிறார். அந்த நேரம் ஏ.எக்ஸ்.பி. கணக்கில் சேருமா? கல்லூரியே இன்னும் தொடங்கவில்லையே?

குறுக்குவெட்டு

சேரும் அக்கா. பள்ளி இறுதிச் சான்றிதழ் கையில் இருந்தால் போதும், அன்றிலிருந்தே மணி நேரத்தைப் பதிவு செய்யலாம். மேற்பார்வை செய்பவர் லைசென்ஸ் உள்ள ஆர்க்கிடெக்ட்டாக இருக்க வேண்டும், அந்த அம்மா அப்படித்தான் இருப்பார், இருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏ.எக்ஸ்.பி.யை நடத்தும் என்கார்ப் அமைப்பின் தளத்தில் மகள் பெயரில் ஒரு பதிவு தொடங்கச் சொல்லுங்கள். செய்த வேலையை அன்றன்றைக்கே குறித்து வைக்க வேண்டும், மொத்தமாகப் பிறகு எழுதலாம் என்று விட்டுவிடக் கூடாது. நான் அப்படி விட்டு ஒரு கோடைக்காலம் முழுக்க இழந்தேன்.

மூன்று பேர் அலுவலகம் என்றால் நல்லதுதான். பெரிய இடத்தில் இரண்டு மாதமும் கழிவறை டைல்ஸ் வரைபடத்தோடு போய்விடும். இங்கே சைட்டுக்கும் கூட்டிப்போவார்கள். ஓக் பார்க்கில் பழைய வீடுகள் நிறைய, பழுது பார்க்கும் வேலையும் கண்ணில் படும். இரும்பு முனை வைத்த ஷூ ஒன்று வாங்கிக் கொடுங்கள். கும்பகோணத்தில் அளந்த டேப் மீட்டர் கணக்கில் இருந்தால், அடி-அங்குலத்தில் 25 அடி டேப் ஒன்றும் வேண்டும்.